பசிக்கு உண்டதும் ருசிக்கு உண்பதும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் கம்பரும் வள்ளுவரும் இளங்கோவடிகளும் எழுந்தருளுவதே வழக்கம். அவர்கள் வீற்றிருந்த இடத்தில் இட்டலியையும் வடையையும் கொண்டுவந்து வைக்கும் பணி இவ்வாண்டு எம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வே அலுவலகத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கோப்பு கட்டி அவிழ்க்கும் ஓர் எழுத்தரிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கலாகாது என்று செயலாளர் அவர்கள் கருதினார்கள் போலும். அவர்கள் கணிப்பு சரியே. உண்பதைப் பற்றிப் பேசப் பட்டம் வேண்டுவதில்லை.

நம் காலனியில் சில மாதங்களாக ஒரு வழக்கு நடந்து வருவதை அனைவரும் அறிவீர்கள். சென்ற பொங்கல் கூட்டத்தில் நம் மதிப்பிற்குரிய பெரியவர் ஒருவர் எழுந்து, ‘ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இந்தக் காலனியில் அடுப்பு எரிகின்ற வீடு எத்தனை? கைவிட்டு எண்ணிவிடலாம். எங்கள் காலத்தில் வீடு இல்லாதவன் போகும் இடம் ஓட்டல். இப்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓட்டலுக்குப் போகிறீர்கள்’ என்று மனம் வருந்திக் கூறினார். அவர் எமக்குத் தந்தை போன்றவர். இப்போதும் முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் வார்த்தையை அலட்சியம் செய்வது எம் நோக்கமன்று. ஆனால் அன்று கூடியிருந்த பெண்மணிகள் ஒருவரும் அதற்கு மறுமொழி கூறவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த மௌனம்தான் எம்மை இன்று பேச வைத்தது.

முதலில், நம் ஊர் எது என்பதைத் தீர்த்துக்கொள்வோம். நம்மில் பலருடைய பணிப் பதிவேட்டில் ‘நிரந்தர முகவரி’ என்ற இடத்தில் நெல்லைச் சீமையிலோ தஞ்சைத் தரணியிலோ சேலத்துப் பக்கத்திலோ உள்ள ஒரு சிற்றூரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அந்த முகவரியில் இன்று நமக்குக் கடிதம் போட்டால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. நம் குழந்தைகள் அவ்வூரை மே மாதத்தில் பத்து நாள் பார்த்திருக்கிறார்கள். கொசுக்கடியும் மாம்பழமுமாக அது அவர்கள் நினைவில் நிற்கிறது. அவர்கள் பிறந்தது மும்பையில். 1995 ஆம் ஆண்டில் பெயர் மாறிய பின்னும் நம் நாவில் பம்பாய் என்றே புரள்கின்ற இந்த நகரந்தான் அவர்கள் ஊர். மழைக்கு எந்தக் கடைத் திண்ணையில் ஒதுங்கலாம், எவ்விடத்தில் நின்றால் ரயில் பெட்டியின் வாயில் நேராக வரும், எந்தத் தெருவில் மாலை ஆறு மணிக்குச் சூடான வடை போடுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். பசி இல்லாத வேளையிலும் ஓரிடத்திற்குப் போய் ஒன்றை வாங்கித் தின்னவேண்டும் என்று ஆசை பிறக்கிறதே, அது சொந்த ஊரில்தான் பிறக்கும். அயலூரில் பிறப்பது பசி மட்டுமே.

நம் முன்னோர் இங்கே முதலில் பசிக்குத்தான் உண்டார்கள். 1896 ஆம் ஆண்டில் இந்நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. நெருக்கடியான குடியிருப்புகளை விரிவுபடுத்துவதற்காக 1898 ஆம் ஆண்டில் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகள் திட்டமிட்ட குடியிருப்புகளாக வளர்ந்தது அதன் விளைவே. 1915 ஆம் ஆண்டில் மாட்டுங்காவில் ரயில்வே பணிமனை தோன்றியது. கணக்கெழுதவும் தட்டெழுதவும் சுருக்கெழுதவும் அறிந்த தென்னாட்டு இளைஞர்கள் அலுவலகங்களை நாடி வந்தார்கள். சுத்தியலும் அரமும் பிடிக்க வல்லவர்கள் பணிமனையை நாடி வந்தார்கள். இன்னும் பலர் தாராவியின் தோல் தொட்டிகளுக்கு வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆட்கள். ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். அடுப்பு மூட்ட இடமும் இல்லை, நேரமும் இல்லை.

அவர்கள் வயிற்றுக்காக எழுந்தவையே மாட்டுங்காவின் புகழ்பெற்ற உணவகங்கள். கஃபே மைசூர் 1936 ஆம் ஆண்டிலும், மணீஸ் லஞ்ச் ஹோம் 1937 ஆம் ஆண்டிலும், கஃபே மெட்ராஸ் 1940 ஆம் ஆண்டிலும், ராம நாயக் அவர்களின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942 ஆம் ஆண்டிலும் தோன்றின. ‘போர்டிங்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அது பொழுதுபோக்க வருகிறவர்களுக்கு வைத்த பெயர் அன்று. நாள்தோறும் இரு வேளை இலை போட்டுச் சோறு போடுவோம் என்று தனி ஆளுக்குக் கொடுத்த வாக்கு. நம் பெரியவர் ‘வீடு இல்லாதவன் போகும் இடம்’ என்றாரே, அது அக்காலத்திற்கு முற்றிலும் உண்மை.

இங்கே ஒன்றை இடையில் சொல்லவேண்டும். இவற்றை ‘நம்மவர் கடை’ என்று உரிமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆனால் இவற்றை நடத்துவோர் பெரும்பாலும் உடுப்பி, மங்களூர் முதலிய கன்னடக் கடற்கரைப் பகுதியினர். பாலக்காட்டு அன்பர்களும் சிலர் உண்டு. மராட்டிய மண்ணில், கன்னடக் கரையார் சமைப்பதை, குஜராத்தியரும் கச்சு வணிகரும் வரிசையில் நின்று உண்ண, நடுவில் நாம் போய் ‘நம்ம ஊர்ச் சாப்பாடு’ என்று பெருமூச்சு விடுகிறோம்! சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள் என்று குறை சொல்கிறோம். உடுப்பிச் சாம்பார் அவர்கள் முறைப்படி அப்படித்தான் இருக்கும். அவர்கள் வீட்டு விருந்தில் நம் வீட்டுப் புளிப்பைத் தேடுவது முறையாகாது.

எமது தந்தையார் 1968 ஆம் ஆண்டில் இந்நகருக்கு வந்தார். தென்னிந்தியருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்து, உடுப்பி ஓட்டல்கள் கல்லெறிக்கு ஆளான காலம் அது. அத்தகைய நாளில் கையில் ஒரு தகரப் பெட்டியோடு தாதர் நிலையத்தில் இறங்கியவர், ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே நிலைத்ததற்கு அவர் கூறிய காரணம் ஒரு தம்ளர் தேநீர்.

எமது ஊர் நெல்லை மாவட்டத்தில் ஒரு கிராமம். அங்கிருந்த தேநீர்க் கடையில் எமது தெருவினருக்கென்று வாசல் தூணில் தனிக் குவளை தொங்கும். குடித்துவிட்டுக் கழுவி, இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டு வரவேண்டும். உள்ளே இருந்த பலகையில் அமர்வது எப்படி இருக்கும் என்று எமது தந்தையார் இருபது வயது வரை அறியார். பம்பாய்க்கு வந்த முதல் வாரம் ஒரு தெருமுனை ஈரானிக் கடைக்கு வெளியே நின்றுகொண்டு தேநீர் கேட்டாராம். கல்லாவில் இருந்த முதியவர், வழியை மறைத்துக்கொண்டு நிற்காதே, உள்ளே போய் உட்கார் என்று அதட்டினாராம். பளிங்குக் கல் பதித்த மேசை. வளைந்த முதுகுள்ள மர நாற்காலி. பக்கத்து நாற்காலியில் கோட்டு அணிந்த ஒருவர் ரொட்டியில் வெண்ணெய் தடவி, தேநீரில் தோய்த்து உண்டுகொண்டிருக்கிறார். இவருக்கும் அதே கண்ணாடித் தம்ளர், அதே சாசர். ‘என்னை அதட்டி உள்ளே உட்கார வைத்த ஊர் இது’ என்று எமது தந்தையார் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஈரானிகளும் நம்மைப் போல் பிழைக்க வந்தவர்களே. ஈரான் நாட்டின் யாசுது, கெர்மான் பகுதிகளிலிருந்து வந்த ஜொராஸ்திரியர் அவர்கள். தெருமுனை மனை ஆகாது என்று பிறர் ஒதுக்கிய இடங்களை அவர்கள் மலிவாகப் பிடித்துக் கடை வைத்தார்கள் என்பது செவிவழிச் செய்தி. தோபி தலாவில் உள்ள கயானி கடை 1904 ஆம் ஆண்டிலும், பல்லார்டு எஸ்டேட்டில் உள்ள பிரிட்டானியா கடை 1923 ஆம் ஆண்டிலும் தொடங்கியவை. முன்பு முந்நூறுக்கு மேல் இருந்தன. இன்று சிலவே எஞ்சியுள்ளன.

ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்பது நமக்கு எளிதில் வந்துவிடவில்லை என்பதை இளைஞர்கள் அறியவேண்டும். நாம் வேலை பார்க்கும் ரயில்வேயிலேயே, தென்னிந்திய ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். பெரியாரும் நீதிக்கட்சியினரும் எதிர்த்துக் கிளர்ந்ததன் பின்னர் 1941 ஆம் ஆண்டில்தான் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது. 1950 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 15 ஆம் விதியை எடுத்துப் பாருங்கள். சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றின் பேரால் எந்தக் குடிமகனையும் கடைகளுக்குள்ளும் பொது உணவு விடுதிகளுக்குள்ளும் ஓட்டல்களுக்குள்ளும் புகத் தடுக்கலாகாது என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. பெரிய பெரிய உரிமைகளைப் பேசுகின்ற ஏட்டில் ஓட்டலுக்கும் ஓர் இடம் கொடுத்தார்களே, அது வீணுக்கா? ஓட்டல் பலகையில் அமர முடியாதவர்கள் இந்நாட்டில் கோடிக்கணக்கில் இருந்தார்கள், அதனால் எழுதினார்கள்.

அந்த விதியில் ‘பால்’ என்ற சொல்லும் இருக்கிறதன்றோ? இனி அதைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எமது தாயார் 1977 ஆம் ஆண்டில் மணமாகி இங்கே வந்தார்கள். சம்பள நாளன்று தந்தையார் மாட்டுங்காவில் நண்பர்களோடு வயிறார உண்டுவிட்டு, வீட்டிற்கு ஒரு பொட்டலம் வாங்கி வருவார். வாழையிலையில் வைத்து, செய்தித்தாளில் மடித்து, நூல் சுற்றிய மசாலா தோசை. காலனிக்கு வந்து சேர்வதற்குள் அது ஆறி, ஆவியில் நனைந்து, துவண்டு போயிருக்கும். பிள்ளைகளாகிய எங்களுக்குப் பிய்த்துக் கொடுத்தது போக எஞ்சிய ஓரத்தைத் தாயார் உண்பார்கள். ‘ஓட்டல் தோசை என்றால் இப்படித்தான் துவள இருக்கும்’ என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தார்கள். அதில் வியப்பில்லை. பெண்கள் ஓட்டலில் அமர்ந்து உண்பது குடும்பத்திற்கு இழுக்கு என்ற காலம். ஓட்டல்களிலும் அவர்களை மறைத்து உட்கார வைக்கக் ‘குடும்ப அறை’ என்று திரை போட்ட மூலை ஒன்று இருக்கும். அதற்குள்ளும் போகக் கூசியவர்கள் பலர்.

2001 ஆம் ஆண்டில் எமக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் தாயாரை அழைத்துக்கொண்டு ஓர் ஓட்டலுக்குப் போனோம். தோசை வந்தது. அது தட்டுக்கு வெளியே இரு பக்கமும் நீண்டுகொண்டு, விரல் பட்டால் ஒடியும்படி இருந்தது. ‘இது எனக்கு மட்டுமா?’ என்று கேட்டார்கள். உண்டு முடித்ததும் தம் தட்டையும் எங்கள் தட்டையும் அடுக்கி எடுத்துக்கொண்டு கழுவும் இடத்தைத் தேடி எழுந்துவிட்டார்கள். பரிமாறுகிற தம்பி ஓடிவந்து, ‘வைச்சிருங்கம்மா, அது எங்க வேலை’ என்று கையிலிருந்து வாங்கினான். தாயார் மீண்டும் அமர்ந்தார்கள். சிறிது நேரம் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். அதன் பிறகு எம்மைப் பார்த்து, ‘இன்னொரு காப்பி சொல்லு’ என்றார்கள். எமக்கு நினைவு தெரிந்த நாள் முதல், அவர்கள் தமக்கென்று ஒன்றைக் கேட்டது அதுவே முதல் தடவை.

கணக்கெழுதுகிறவனுக்குக் கணக்குத்தான் வரும். ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஆண்டுக்கு 1,095 வேளை. முப்பது ஆண்டுக்கு 32,850 வேளை. நம் காலனித் தாய்மார் ஒவ்வொருவரும் சமைத்துப் பரிமாறிப் பாத்திரம் துலக்கிய கணக்கு இது. பண்டிகைப் பலகாரமும் விருந்தாளிகளும் இதில் சேரவில்லை. நமக்கு வார ஓய்வு விதிப்படி உண்டு. ஈட்டிய விடுப்பு உண்டு. ஓய்வு பெறும் வயதும் உண்டு. அடுப்படிக்கு இவற்றுள் எது உண்டு? மாட்டுங்கா ரயில் நிலையத்தை 2017 ஆம் ஆண்டில் முழுவதும் பெண் ஊழியர்களிடமே ஒப்படைத்தார்கள். பயணச்சீட்டு முதல் பாதுகாப்பு வரை அவர்கள் பொறுப்பு. நாம் எல்லோரும் கை தட்டினோம். அதே பெண்கள் ஞாயிறு காலையில் ஒரு வேளை அடுப்பை அணைத்துவிட்டுக் குடும்பத்தோடு வெளியே போனால், கலாசாரம் கெட்டது என்று கவலைப்படுகிறோம். பெரியவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும். அவர்கள் காலத்தில் ஆடவர்கள் வாரம் முழுவதும் ஓட்டலில் உண்டார்கள். அப்போது கெடாத குடும்பம், பெண்கள் ஞாயிறு ஒரு வேளை உண்பதால் கெட்டுவிடாது.

இனி, எங்கே உண்பது, எதை உண்பது என்பதற்கு வருவோம். குழந்தைகள் இதற்காகவே காத்திருப்பது தெரிகிறது.

கிங்ஸ் சர்க்கிள் என்று நாம் வழங்கும் மகேசுவரி உத்யானைச் சுற்றி நடந்தால் அரை மைலுக்குள் ஒரு தென்னாடு கிடக்கிறது. பூக்கடை, காப்பிப்பொடிக் கடை, வாழையிலைக் கட்டு, முருங்கைக்காய். ஞாயிறு காலை ஓட்டல் வாசலில் பெயர் எழுதிக்கொடுத்துவிட்டு நடைபாதையில் காத்து நிற்பவர்களைப் பாருங்கள்; பாதிப்பேர் குஜராத்தியர், பாதிப்பேர் மராட்டியர், எஞ்சிய பாதி நாம். கணக்கு உதைக்கிறதா? கூட்டம் அவ்வளவு. உள்ளே நான்கு நாற்காலி மேசையில் இரண்டு குடும்பங்களைச் சேர்த்து உட்கார வைப்பார்கள். யாரென்றே தெரியாதவர் நமக்குச் சட்டினிக் கிண்ணத்தை நகர்த்திக் கொடுப்பார். ரசவடையில் ரசம் தனி, வடை தனியாக இருக்கக் கூடாது; வடை ரசத்தைக் குடித்துப் பஞ்சு போலாகியும் வடிவம் கெடாதிருக்க வேண்டும். அன்னாசிப்பழச் சீரா என்று ஒன்று உண்டு. நம் கேசரிக்கு இந்நகரம் போட்ட புதுச்சட்டை அது. எமக்கு நெய் சிறிது அதிகமாகத் தோன்றும். எமது மகளுக்கு அது போதவில்லை.

தெருவோரத்தில் போடும் ‘மைசூர் மசாலா’வைக் கண்டு தோசையைக் கெடுத்துவிட்டார்கள் என்று தலையில் அடித்துக்கொள்பவர்கள் உண்டு. தோசைக்கல்லின் மேலேயே வெண்ணெயைப் போட்டு, காய்கறிகளையும் செஞ்சட்டினியையும் உருளைக்கிழங்கையும் மசித்துத் தேய்க்கிறார்கள். மைசூரில் இதைக் காட்டினால் அடையாளம் தெரியாது. காட்கோபரில் அதன் மேல் பாலாடைக்கட்டியை மலைபோல் துருவிப் போடுகிறார்கள். அது எமக்கும் உடன்பாடில்லை. ஆயினும் மும்பைத் தோசை மும்பையில் பிறந்த பிள்ளை. பெற்றவர் சாயலோடு வளர்ந்த இடத்தின் சாயலும் அதில் இருக்கும். நம் பிள்ளைகளும் அப்படித்தானே இருக்கிறார்கள்?

வடா பாவை நம்மில் சிலர் இன்னும் ‘அவர்கள் தீனி’ என்று ஒதுக்குகிறார்கள். அதை 1966 ஆம் ஆண்டில் தாதர் நிலையத்தின் வெளியே அசோக் வைத்யா என்பவர் முதலில் விற்றார் என்பர். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் ஒரு கையால் உண்ணத்தக்க உணவு. ஆகவே ரயில்வேக்காரர்களாகிய நமக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம். பாவ் என்ற ரொட்டியும் அதன் பெயரும் போர்த்துக்கீசியர் கொடுத்தவை. உள்ளே இருக்கும் உருளைக்கிழங்கை மராட்டியர் ‘பட்டாட்டா’ என்பதும் போர்த்துக்கீசியச் சொல்லே. மிளகாயும் அவர்களோடு கப்பலேறி வந்ததே. இத்தனை அயலார் கூடி மராட்டியரின் செல்லத் தின்பண்டம் ஆகியிருக்கிறார்கள். 1982 ஆம் ஆண்டு தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர் வேலையின்றி நின்றார்கள். ஆலைகள் பல மீண்டும் திறக்கவேயில்லை. அவர்களில் பலர் தெருவில் வாணலியை வைத்து வடை பொரித்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். நம் தாராவித் தமிழர்கள் விடியற்காலையில் இட்டலிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டி, ஊதுகுழல் ஒலித்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் போகிறார்களே, அவர்களுக்கும் அந்த மராட்டியத் தொழிலாளிக்கும் என்ன வேறுபாடு? இட்டலிக்காரரை வழியில் கண்டால் நின்று இரண்டு இட்டலி வாங்குங்கள். தமிழில் பேசினால் சட்டினி ஒரு கரண்டி கூட விழும். இது எமது சொந்த அனுபவம்.

இவ்வளவு சொன்னபின் பெரியவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். தின்பதற்கு எல்லை உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறுகிறது. அதைப் படிக்க நாம் ஆய்வேட்டைத் தேட வேண்டியதில்லை; காலனியில் மாலை நடைக்கு வருவோரிடம் கேட்டாலே போதும். நால்வர் உள்ள எமது வீட்டில் மாதம் இரண்டு ஞாயிறு என்று வைத்திருக்கிறோம். ஒரு தடவைக்கு வரியோடு சேர்த்துச் சுமார் 700 ரூபாய். மாதம் 1,400 ரூபாய். இதற்காகவே சமையலறை அலமாரியில் ஒரு டப்பா இருக்கிறது. அதில் பணம் இல்லாத மாதம் போவதில்லை. போகும்போதும் வரும்போதும் நடை. சீரா ஒன்று, கரண்டி நான்கு. எண்ணெய் கறுத்துப் போன வாணலி எந்தக் கடையில் இருந்தாலும், அது நம்மவர் கடையே ஆனாலும், திரும்பிப் பாராமல் வந்துவிடுவோம்.

எமக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று. இப்போது கைப்பேசியில் விரலை அழுத்தினால் ஓட்டலே வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. மழையில் நனைந்துகொண்டு ஓர் இளைஞர் மூன்று மாடி ஏறி வந்து பெட்டியைக் கொடுக்கிறார். அவர் முகத்தைக் கூட நாம் பார்ப்பதில்லை. பெட்டியைப் பிரித்து ஒருவர் கட்டிலில், ஒருவர் தொலைக்காட்சி முன், ஒருவர் படிக்கும் மேசையில். பெட்டிக்குள் இருப்பது ஆறி, ஆவியில் நனைந்து, துவண்டு போன தோசை. 1980களில் எமது தாயார் உண்டாரே, அதே தோசை! அன்று பெண்களை வெளியே விடாததனால் வீட்டிற்கு வந்தது. இன்று ஒருவரும் வெளியே போகாமையால் வருகிறது. நோயாளிக்கும், முதியவருக்கும், இரவுப் பணி முடித்துத் தனியே இருப்பவருக்கும் இது பேருதவி, மறுப்பதற்கில்லை. ஆனால் கை கால் நலமாய் இருக்கும் குடும்பம் ஞாயிற்றுக்கிழமையை இப்படிக் கழிப்பது எமக்குப் பிடிக்கவில்லை. உள்ளே வந்து உட்கார் என்று எமது தந்தையாரை அதட்டிய அந்த நாற்காலி காலியாகவே கிடக்கும். அடுத்த மேசைக்காரர் நகர்த்திக் கொடுத்த சட்டினிக் கிண்ணம் பெட்டியில் வராது.

ஆகவே செயற்குழுவின் இசைவோடு ஒரு விண்ணப்பம் வைக்கிறோம். வரும் மாதம் இரண்டாவது ஞாயிறு காலை 6.30 மணிக்கு நம் காலனி வாயிலில் கூடுவோம். மாட்டுங்கா வரை நடை. ஏழரை மணிக்கு மேலானால் வரிசை நீண்டுவிடும். ஆகவே நேரம் தவறலாகாது. தாய்மார்கள் முதல் பந்தியில் அமர்வார்கள். அவர்கள் உண்டு, இரண்டாவது காப்பியும் குடித்து முடிக்கும் வரை கைக்குழந்தைகளை ஆடவர்கள் வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். பால் புட்டியும் மாற்றுத் துணியும் எந்தப் பையில் இருக்கின்றன என்று முந்தின இரவே கேட்டுத் தெரிந்துகொள்வது நலம். அவரவர் செலவு அவரவருடையது. சங்க நிதியில் கை வைக்கப்போவதில்லை என்று பொருளாளர் அவர்களுக்கு உறுதி கூறுகிறோம். வர விரும்புவோர் இன்று விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

நம் பெரியவர் அவர்களையும் அவர்கள் துணைவியாரையும் முதலில் அழைக்கிறோம். துணைவியார் அவர்கள் சற்று முன்னரே எம்மிடம் பெயர் கொடுத்துவிட்டார்கள். பெரியவருக்கு வெல்லம் போட்ட சாம்பார் ஆகாது என்றால், தேங்காய்ச் சட்டினி தனியாகக் கேட்டு வாங்கித் தருகிறோம்.